ரோதை தானே ஊற்றிக்கொள்ளும் எண்ணெய்

ஊவா மலைத்தோட்டங்களில் தேயிலைத் தொழிற்சாலையை யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை. ஸ்டோர் என்பதுதான் வாயில் வரும் பேர். ஸ்டோருக்குள் சுழல்கிறதெல்லாம் ரோதை. போர்த்துக்கீசத்தில் ரோடா, சிங்களத்தில் ரோதய. கப்பலில் வந்த சொல் மலையேறி லயத்துப் பேச்சில் தங்கிவிட்டது. ரோதைகளுக்கென்று ஒரு சாமியும் உண்டு, ரோதமுனி. மெஷினுக்குள் கை போகாமல் காப்பதும், மெஷின் நடுராத்திரியில் மக்கர் பண்ணாமல் பார்த்துக்கொள்வதும் அவர் பொறுப்பு. அந்தப் பொறுப்பில் பாதியைச் சத்தமே இல்லாமல் சுமந்தது ஓர் இரும்பு வளையம். பூசையோ படையலோ அதற்குக் கிடையாது.

ஒவ்வொரு மெஷினுக்கும் தனி மோட்டார் வருவதற்கு முந்திய காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஓடைத்தண்ணீரில் சுழலும் டர்பைனோ, நீராவி எஞ்சினோ, பிறகு வந்த டீசல் எஞ்சினோ ஸ்டோரின் ஓர் ஓரத்தில் ஓடும். அதன் சுழற்சியைக் கட்டடத்தின் நெடுகப் போகும் ஒரே ஒரு நீண்ட தண்டு வாங்கிக்கொள்ளும். லைன் ஷாஃப்ட் என்பார்கள். அதிலிருந்து இறங்கும் தோல் பெல்ட்டுகள் ரோலர்களையும் சல்லடைகளையும் காற்றாடிகளையும் ஓட்டும். தண்டை வரிசையாகத் தாங்கி நிற்கும் பேரிங்குகளில் ஏதாவது ஒன்று சூடேறிப் பிடித்துக்கொண்டால் ஸ்டோர் மொத்தமும் நின்றது.

கொழுந்துக்குக் காத்திருக்கும் பொறுமை கிடையாது. பகலில் பறித்தது 12 முதல் 18 மணி நேரம் வாட்டில் கிடந்து, ரோலரில் ஏறும் பக்குவத்துக்கு வருவது பெரும்பாலும் விடியலுக்கு முன்னால். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை கச்சான் காற்று வறண்டு வீசும் மாதங்களில்தான் ஊவாத் தேயிலைக்கு அதன் பெயர்பெற்ற வாசம் ஏறுகிறது. அப்போது ஒரு பேரிங் கெட்டு, வாடிய கொழுந்து கூடுதலாகச் சில மணி நேரம் கிடந்தால், நல்ல விலைக்குப் போயிருக்க வேண்டிய தேயிலை சாதாரணத் தேயிலையாகிவிடும். எண்ணெய் இடையறாமல் போய்ச் சேர வேண்டும் என்பதன் பணப் பொருள் இது.

ஓடும் பெல்ட்டுகளுக்கு நடுவே ஏணியும் ஆயில் கேனுமாக ஒருவர் இரவு முழுவதும் ஏறி இறங்கினால் ரோதமுனிக்கும் வேலை கூடும். அதற்கு மாற்றாகத்தான் வளையம் வந்தது. பேரிங்கின் அடியில் ஒரு சிறு தொட்டி, அதில் எண்ணெய். தண்டின்மேல், தண்டைப்போல ஒன்றரை, இரண்டு மடங்கு விட்டமுள்ள வளையம் ஒன்று சும்மா தொங்கும், மெலிந்த கையில் பெரிய வளையல் கிடப்பதுபோல. எதோடும் கட்டு இல்லை, ஆணி இல்லை, பல் இல்லை. வளையத்தின் அடிப்பாகம் எண்ணெயில் முங்கியிருக்கும். தண்டு சுழன்றதும் உராய்வில் வளையமும் உருளத் தொடங்கும். உருளும்போது எண்ணெயை மொண்டு வந்து தண்டின் முதுகில் விடும். பேரிங்கின் இரு ஓரங்களிலும் வழிந்தது மறுபடி தொட்டிக்கே போய்ச் சேரும். தண்டு நின்றால் வளையம் நிற்கும், வளையம் நின்றால் எண்ணெயும் நிற்கும். திறப்பாரும் இல்லை, மூடுவாரும் இல்லை.

இதிலும் சில கோளாறுகள் உண்டு. எண்ணெய் குளிர்ந்து தடித்திருந்தால் வளையம் அதில் சிக்கி மயங்கி நிற்கும். தண்டு மட்டும் உள்ளே வறட்சியில் சுழலும். வளையம் கொஞ்சம் நெளிந்து வட்டம் தப்பினாலும் அதே கதி. அதனால்தான் பேரிங்கின் தலையில் சின்ன மூடி ஒன்று வைத்தார்கள். திறந்து பார்த்தால் வளையம் சுற்றுகிறதா, எண்ணெயில் மினுங்குகிறதா என்று தெரிந்துவிடும்.

இவ்வளவு எளிய ஏற்பாடு போதுமா என்று கேட்கத் தோன்றும். தண்டின் எடையும் பெல்ட்டுகளின் இழுப்பும் சேர்ந்து பேரிங்கை அழுத்துகின்றன. அந்த அழுத்தத்துக்குள் எண்ணெய் நுழைய வேண்டுமானால் பம்ப் வைத்துப் பலமாகத் தள்ள வேண்டாமா? வளையமோ எண்ணெயை மேலே கொண்டுபோய் விடுவதோடு சரி. மிச்ச வேலையைச் செய்வது யார் என்பதைக் கண்டுபிடித்தவர் பீச்சம் டவர் என்ற ஆங்கிலேயர். தேடிப்போன விஷயம் வேறு, கிடைத்தது இது.

இங்கிலாந்தின் இயந்திரப் பொறியாளர் நிறுவனத்துக்காக அவர் ரயில் அச்சுகளின் உராய்வை அளந்துகொண்டிருந்தார். 1883இல் முதல் அறிக்கை வெளிவந்தது. 4 அங்குல விட்டமுள்ள அச்சு, அதன் மேல் கவிழ்த்த பித்தளைப் பேரிங், கீழே எண்ணெய்த் தொட்டி. அக்கால வழக்கப்படி மேலிருந்து எண்ணெய் விடலாமே என்று பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். மெஷினை ஓட்டியதும் துளை வழியாக எண்ணெய் மேலே பொங்கி வழிந்தது. தக்கை வைத்து அடைத்தார். தக்கை வெளியே வந்துவிட்டது. மரமுளை அடித்தார், அதுவும் மெல்ல மெல்லக் கிளம்பி வந்தது. அழுத்தமானியைப் பொருத்தியபோது முள் சதுர அங்குலத்துக்கு 200 இறாத்தலையும் தாண்டிப் போனது. பேரிங்கின் மேல் அவர் வைத்த பாரத்தின் சராசரி அழுத்தத்தைவிட அது அதிகம். எண்ணெய்தான் பாரத்தைத் தூக்கிக்கொண்டிருந்தது!

அதே சோதனைகளில் இன்னொரு கணக்கும் கிடைத்தது. திரி வழியாக எண்ணெய் கசியவிட்டபோதும், எண்ணெயில் நனைத்த பஞ்சணையை அச்சின் அடியில் வைத்தபோதும் இருந்த உராய்வு, அச்சு எண்ணெயில் முங்கி ஓடியபோது இருந்ததைப்போல 6, 7 மடங்கு. எண்ணெய் ஒன்றுதான், பேரிங்கும் ஒன்றுதான். கிடைத்துக்கொண்டே இருந்ததா, விட்டுவிட்டுக் கிடைத்ததா என்பதில்தான் வித்தியாசம்.

ஏன் இப்படி என்பதைக் கணிதமாக எழுதியவர் ஒஸ்போர்ன் ரெனால்ட்ஸ், 1886இல். அவருடைய சமன்பாட்டுக்குப் போகாமலே விஷயத்தைப் பிடிக்கலாம். எல்லயிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும் வீதியில், அடைமழையில் வேகமாக வரும் பஸ்ஸை எண்ணிப் பாருங்கள். டயருக்கும் தாருக்கும் நடுவே ஆப்பு வடிவில் ஓர் இடுக்கு இருக்கிறது. டயர் தண்ணீரை அதற்குள் இழுத்துத் திணிக்கிறது. வேகம் கூடினால் திணிபட்ட தண்ணீர் டயரையே தூக்கிவிடும். பிரேக்கும் பிடிக்காது, ஸ்டியரிங்கும் கேட்காது. வீதியில் உயிரை வாங்கும் அதே காரியம் பேரிங்கில் உயிர் கொடுக்கிறது. தண்டு தன் குழிக்குள் நட்டநடுவே உட்காருவதில்லை, சற்று ஒரு பக்கம் சாய்ந்தே ஓடும். அந்தச் சாய்வால் உண்டாகும் ஆப்பு வடிவ இடைவெளிக்குள் எண்ணெயை இழுத்துப்போவது தண்டின் சொந்தச் சுழற்சி. எண்ணெய் நெருக்குண்டு தண்டைத் தூக்குகிறது. அந்த எண்ணெய்ப் படலத்தின் கனம் ஒரு மில்லிமீற்றரில் நூறில் சில பங்கு, தலைமயிரைவிட மெல்லியது. ஆனாலும் உலோகம் உலோகத்தைத் தொடுவதில்லை.

வளையம் அவ்வளவு சாதுவாக இருந்தும் போதுமானதாக இருப்பது இதனால்தான். எண்ணெயை வாசலில் கொண்டுபோய் வைத்தால் போதும். உள்ளே அழைத்துப்போவது தண்டின் பாடு. பழைய ஃபிட்டர்கள் சிலர் அதிக எண்ணெய் போகட்டும் என்று பாரம் விழும் பக்கத்திலேயே பேரிங்கில் வாய்க்கால் வெட்டிவிடுவார்கள். நல்லெண்ணம்தான், ஆனால் அழுத்தம் கட்டிய எண்ணெய்க்கு ஓடிப்போக வழி திறந்துவிட்ட மாதிரி. வாய்க்கால் பாரமில்லாத பக்கத்தில் இருக்க வேண்டும்.

சப்ளை அறுந்தால்? படலம் சில கணங்களில் காணாமல் போகும். பேரிங்கின் உள்பூச்சு வைட் மெட்டல் என்ற வெள்ளீயக் கலப்புலோகம். அமெரிக்கரான ஐசக் பாபிட் 1839இல் உரிமம் வாங்கிய யோசனை. எண்ணெய் இல்லாமல் சூடேறினால் அது இளகி உருகிவிடும், விலையுயர்ந்த தண்டு தப்பும். புதிதாக வைட் மெட்டல் ஊற்றிச் சுரண்டி வேலையை மறுபடி தொடங்கலாம். தன்னைக் கொடுத்துத் தண்டைக் காப்பாற்றும் பூச்சு.

வளையத்துக்கு முந்திய வழிகளையும் சொல்ல வேண்டும், அவற்றுள் சில ரயில் ஏறி ஊவாவுக்கு வந்தவை. கொழும்பிலிருந்து வந்த பாதை 1894இல் பண்டாரவளையை எட்டியது; அங்கிருந்து எல்ல, தெமோதர தாண்டிப் பதுளையைத் தொட 1924 ஆகிவிட்டது. பட்டிப்பொலவில் 1,898 மீற்றர் உயரத்தில் இருக்கும் பாதை, பதுளையில் 650 மீற்றருக்குச் சற்று மேலே வந்து நிற்கிறது. 44 அடிக்கு 1 அடி என்ற ஏற்றத்தில் நீராவி எஞ்சின் மூச்சு வாங்கும்போது சிலிண்டருக்குள் எண்ணெய் விடுவது எப்படி? உள்ளே கொதிநீராவி, அதுவும் அழுத்தத்தில். மூடியைத் திறந்தால் எண்ணெய் உள்ளே போகாது, ஆவிதான் வெளியே வரும்.

இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டியவர்களில் ஒருவர் எலைஜா மக்கோய். அமெரிக்க அடிமைத்தளையிலிருந்து தப்பி ஓடிய பெற்றோருக்குக் கனடாவில் பிறந்தவர். ஸ்கொட்லாந்தில் பொறியியல் படித்துவிட்டு வந்தவருக்கு, கறுப்பர் என்பதால், மிச்சிகன் ரயில் கம்பனியொன்றில் கிடைத்தது கரி அள்ளிப்போட்டு எண்ணெய் விடும் வேலை. வண்டியை அடிக்கடி நிறுத்தி ஒவ்வோர் இடமாக எண்ணெய் ஊற்றிய கை, 1872இல் தானியங்கி எண்ணெய்க் கிண்ணத்துக்கு உரிமம் பெற்றது. நீராவியின் அழுத்தத்தையே எண்ணெய் செலுத்தும் பலமாக மாற்றிய யோசனை அது.

பிற்கால எஞ்சின்களில் இந்த வழி மிக அழகாகத் தேறிவந்தது. கொதிகலனிலிருந்து கொஞ்சம் ஆவியைக் குளிரவைத்துத் தண்ணீராக்கி எண்ணெய்க் குடுவையின் அடிக்கு விடுவார்கள். தண்ணீர் கனமானது, அடியில் தங்கும். தங்கத் தங்க எண்ணெய் மேலே தள்ளுப்படும். தள்ளுப்பட்ட எண்ணெய் தண்ணீர் நிரம்பிய ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் சொட்டுச் சொட்டாக ஏறும். ஆம், மேல்நோக்கிச் சொட்டும். டிரைவர் கண்ணெதிரே அந்தக் கண்ணாடி இருக்கும். நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று எண்ணித் திருகைச் சரிசெய்வார். மலைப்பாதைக்கு வந்த காரட் எஞ்சின்களில் ஒரே கொதிகலனுக்கு முன்னும் பின்னுமாக இரண்டு எஞ்சின் தொகுதிகள். பலம் கூடியதுபோலவே எண்ணெய் கேட்கும் வாய்களும் கூடின. 1954இல் கனடாவிலிருந்து எம்2 டீசல்கள் வரத் தொடங்கியபின் சொட்டு எண்ணும் வேலை மெல்ல ஒழிந்தது. டீசல் எஞ்சினில் எண்ணெய் பம்பைச் சுழற்றுவது எஞ்சினின் சொந்த ஓட்டம். வளையத்தின் தத்துவம், கொஞ்சம் படித்து உத்தியோகத்துக்குப் போன மாதிரி.

எண்ணெய் என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டு போகிறேன். எந்த எண்ணெய் என்பது மலைநாட்டில் சின்னக் கேள்வி இல்லை. தேங்காய் எண்ணெய்க்குக் குறைவில்லாத தீவு இது. எல்லயில் ஒரு குளிர்காலக் காலையில் தேங்காய் எண்ணெய்ப் போத்தலைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள், விழாது. ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழே அது உறைந்துவிடும். மாத்தறையில் ஓடும் மெஷின் எண்ணெய் பதுளை மாவட்டத்தில் மெழுகு. ஆமணக்கெண்ணெய் குளிரில் உறையாது, தடிப்பும் உண்டு. இந்தியத் துணைக்கண்டத்து ரயில்களில் அது நெடுங்காலம் ஓடியதில் வியப்பில்லை. கனிய எண்ணெய்களிலும் இதே குணம் வேறு அளவில் இருக்கிறது. 68 என்று தரக்குறி போட்ட எண்ணெயின் பாகுநிலை 68 அலகு என்பது 40 பாகைக்குரிய கணக்கு. காலையில் 20 பாகையில் அது ஏறத்தாழ மூன்று மடங்கு தடிப்பு. பேரிங் சூடாகி 60 பாகையை எட்டினால் பாதிக்கும் கீழே. வளையம் சோம்பி நிற்பதும் படலம் கிழிவதும் ஒரே டின் எண்ணெயின் இரண்டு நேரத்துக் குணங்கள்.

பெயர்க் குழப்பம் ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் மசகு எண்ணெய் என்றால் மெஷினுக்கு விடுவது. நம் பத்திரிகைகளிலோ நிலத்திலிருந்து எடுக்கும் கச்சா எண்ணெய்க்கு அந்தப் பெயர். கலைச்சொல்லாக உயவு என்பதும் உண்டு, நல்ல சொல். பழந்தமிழில் அதற்கு வருத்தம் என்றும் பொருள். பேரிங் மாற்றியவர்களுக்கு இரண்டு பொருளும் சரிதான்.

ஸ்டோரில் வளையத்தால் ஆகாத இடம் ரோலர். மூன்று கிராங்குகள் சேர்ந்து ரோலரின் உருளைக்கூட்டை மேசைமேல் வட்டமாக ஆட்டுகின்றன, அதில் கொழுந்து கசங்கி முறுகுகிறது. ஆனால் வேகம் மிகக் குறைவு: நிமிடத்துக்கு நாற்பது, ஐம்பது சுற்று. டயர் மெதுவாகப் போனால் தண்ணீரில் மிதக்காது அல்லவா? அதேபோல இங்கே எண்ணெயின் ஆப்பு சரியாகக் கட்டாது, பாரமோ பெரிது. ஆகவே கிரீஸ். கிரீஸ் என்பது சவர்க்காரப் பஞ்சுக்குள் ஊறவைத்த எண்ணெய் என்று வைத்துக்கொள்ளலாம். அழுந்தும்போது கொஞ்சம் கொஞ்சமாக விடும். படலம் கட்டாத இடத்தில் காப்பாற்றுவது வேறொரு குணம். கொழுப்பு அமில மூலக்கூறுகளின் ஒரு முனை உலோகத்தைக் கவ்விக்கொள்ள, மறுமுனை துடைப்பக் குச்சிகள்போல விறைத்து நிற்கும். இரண்டு உலோகங்களின்மீதும் இப்படி ஒரு புல்வெளி முளைத்துவிட்டால் புல் புல்லோடு உரசும், இரும்பு தப்பும். வில்லியம் ஹார்டி 1920களில் இதை ஆராய்ந்து எழுதினார். மாட்டுவண்டி அச்சுக்குக் கொழுப்பு தடவியவர்களுக்கு அது கைப்பழக்கமாகவே தெரியும்.

எண்ணெய்ப் படலம் எவ்வளவு பெரிய பாரத்தைத் தாங்கலாம் என்பதற்கு எல்லயின் காலடியிலேயே ஓர் இடம் இருக்கிறது. வெல்லவாய வீதியில் இறங்கினால் கரந்தகொல்லவில், மலைக்குள், உமா ஓயாவின் நிலத்தடி மின்நிலையம். 2024 ஏப்ரலில் திறந்தது, இரண்டு இயந்திரங்களும் சேர்ந்து 120 மெகாவாட். பெரிய நீர்மின் இயந்திரங்களில் தண்டு நிமிர்ந்து நின்றால், நூற்றுக்கணக்கான தொன் எடை கீழே ஒரே தட்டின்மேல் உட்கார்ந்து சுழல வேண்டும். தட்டையான இரண்டு தகடுகளுக்கு நடுவே ஆப்பு எங்கிருந்து வரும்? மெல்பேர்னில் ஏ.ஜி.எம். மிச்சல் 1905இல் விடை சொன்னார். அமெரிக்காவில் அல்பேர்ட் கிங்ஸ்பரியும் தனியே அதே விடைக்கு வந்தார். தகட்டைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஒரு புள்ளியில் ஊசலாட விட்டுவிட்டால், எண்ணெய் தானே அதைச் சாய்த்துத் தனக்கு வேண்டிய ஆப்பை அமைத்துக்கொள்ளும். பென்சில்வேனியாவின் ஹோல்ட்வுட்டில் 1912இல் பூட்டிய கிங்ஸ்பரி பேரிங் பல தலைமுறைகளாக உழைத்துப் பேர் வாங்கியது.

ஆனால் இயந்திரம் அசையாமல் நிற்கும்போது ஆப்பும் இல்லை, படலமும் இல்லை. தேய்மானத்தில் பெரும்பங்கு நடப்பது ஓடும்போது அல்ல, கிளம்பும் அந்த முதல் சுற்றில். அதனால் மிகப் பெரிய இயந்திரங்களில், சுழலத் தொடங்குமுன் பம்ப் ஒன்று எண்ணெயை அழுத்தி மொத்த எடையையும் மயிரளவு தூக்கிவைக்கும். ஸ்டோரின் லைன் ஷாஃப்டுக்கு அந்த வசதி ஏது? ராத்திரி பேரிங்கில் ஒட்டிக்கிடந்த கொஞ்சநஞ்ச எண்ணெயோடு அது கிளம்ப வேண்டியதுதான்.

எண்ணெய் போகக் கூடாத இடமும் உண்டு. எல்லயின் ஒன்பது வளைவுப் பாலத்தில் ரயில் வந்தால் எல்லோரும் கைப்பேசியைத் தூக்குகிறார்கள். நான் கேட்டுக்கொண்டிருப்பது சக்கரத்தின் கிரீச்சொலியை. ஓர் அச்சின் இரண்டு சக்கரங்களும் ஒன்றாகப் பிணைந்தவை. வளைவில் வெளிச்சக்கரம் கூடுதல் தூரம் போக வேண்டியிருக்க, இரண்டும் சேர்ந்து சுற்றியாக வேண்டிய கட்டாயத்தில் ஒன்று வழுக்குகிறது. விளிம்பு தண்டவாளத்தின் பக்கத்தில் உரசித் தேய்கிறது. கூர்மையான வளைவுகள் உள்ள மலைப்பாதைகளில், கடந்து போகும் சக்கரமே அமுக்கிக் கொஞ்சம் கிரீஸை விளிம்புக்கு விடும் கருவிகளைத் தண்டவாளத்தின் ஓரத்தில் வைப்பதுண்டு. மறுபடியும் அதே வளையத்து யோசனை. ஆனால் அந்தக் கிரீஸ் பக்கத்திலிருந்து ஓரிரு அங்குலம் ஏறித் தண்டவாளத்தின் தலைக்கு வந்துவிட்டால் ஏற்றத்தில் எஞ்சின் வழுக்கும். பிடிப்புக்காக அங்கே மணல் தூவுகிறார்கள். ஒரே தண்டவாளம்: மேலே மணல், பக்கத்தில் கிரீஸ்.

ஸ்டோருக்குள் இந்த எல்லைக்கோடு இன்னும் கண்டிப்பானது. தேயிலை எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும் பண்டம். ரோலருக்கு மேலே ஒரு பேரிங் சொட்டினால் சொட்டு விழுந்த இடம் மட்டுமில்லை, அந்தத் தொகுதி முழுவதும் போயிற்று. அதற்காகச் சொட்டுத் தட்டுகள், உறைகள், இப்போது உணவோடு பட்டாலும் பாதகமில்லாத தர எண்ணெய்கள். டிரையரில் நிலைமை நேர்மாறு: உள்ளே 90 பாகையைத் தாண்டிய காற்று, தட்டுகளைச் சுமந்தபடி நாள் முழுதும் ஊரும் சங்கிலி. சாதாரண கிரீஸ் அங்கே உருகி ஓடிவிடும்.

இன்றைக்கு லைன் ஷாஃப்ட் ஓடும் ஸ்டோரைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ரோலருக்கு ரோலர் மோட்டார், அதில் மூடி முத்திரையிட்ட பால் பேரிங். அதன் குண்டு தொடும் புள்ளியில் அழுத்தம் அசாத்தியமாக ஏறுவதால் எண்ணெய் ஒரு கணம் திண்மம்போலவே இறுகுகிறது. படலத்தின் கனமோ ஒரு மைக்ரோனுக்கும் கீழே. ஆயுசுக்கும் போதும் என்று கம்பனி உள்ளேயே கிரீஸை வைத்து மூடிவிடுகிறது. யாருடைய ஆயுசு என்றால், பேரிங்கினுடையது.

திறந்து பார்க்க மூடி இல்லாததால் உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாது. அதிர்வை அளக்கும் கருவிகள் வந்திருக்கின்றன, வெப்பத்தைப் படமாகக் காட்டும் கேமராவும் வந்திருக்கிறது. இருந்தும் ஃபிட்டர் ஓடும் மெஷினின் பக்கத்தில் போய் நின்றதும் முதலில் செய்வது பேரிங் கூட்டின்மேல் புறங்கையை வைப்பது. பத்து எண்ணும் வரை கை தாங்கினால் பயமில்லை. அதற்குமுன் கையை உதறி எடுத்தால், ஸ்டோர் பொறுப்பாளரான டீமேக்கரிடம் போய்ச் சொல்லிவிட்டு ஸ்பானர் எடுக்கப் போவார்.